வீடு வாங்குமுன் வீட்டைப் பார்த்தல்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையில் வழக்கமாகக் கம்பரையும் வள்ளுவரையும் பற்றிப் பேசுவார்கள். கற்றறிந்தோர் பேசிய இடத்தில் நின்று செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேச நாம் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றே. இவ்வாண்டும் அடுத்த ஆண்டுமாக நம் காலனியில் பல குடும்பங்கள் பணி ஓய்வு பெற்று வெளியேற இருக்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் திருப்பதியிலோ, சித்தூரிலோ, ரேணிகுண்டாப் பக்கத்திலோ ஒரு வீடு வாங்கி அமர்ந்துவிடுவது என்ற எண்ணத்தில் இருக்கிறார்கள்.

காலனி வீட்டில் வாழ்ந்த நமக்கு ஒரு குறை உண்டு. சுவரில் ஓதம் ஏறினால் புகார்ப் புத்தகத்தில் எழுதி வைப்போம். ஆள் வரும், வராமலும் போகும். எப்படியாயினும் அந்தச் சுவர் நம்முடையது அன்று. இருபது முப்பது ஆண்டு ஒரு வீட்டில் குடியிருந்தும் அதன் கடைக்கால் எவ்வளவு ஆழம், கழிவுநீர் எங்கே போகிறது என்று நாம் அறியோம். ஓய்வு பெற்றால் நான்கு திங்களில் சாவியை ஒப்படைக்க வேண்டும். அந்த நான்கு திங்களின் அவசரத்தில், பணிக்கொடையும் சேமநிதியும் கையில் இருக்கும் நேரத்தில், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வீட்டைச் சொந்தமாக வாங்கப் புறப்படுகிறோம்.

எவ்வாறு வாங்குகிறோம் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். பத்திரத்தைப் பார்க்க மூன்று திங்கள் செலவிடுகிறோம். வாசற்படி எத்திசை, சமையலறை எம்மூலை என்று பார்க்க ஒருவரை அழைத்துவந்து அரைநாள் செலவிடுகிறோம். வீட்டைப் பார்க்கச் செலவிடுவது கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் விற்பவர் வீட்டு அம்மையார் கொடுத்த காப்பிக்குப் போய்விடுகிறது. எட்டுத் திக்கும் பார்த்தவர் தலையை நிமிர்த்தி மேலே தளத்தைப் பார்ப்பதில்லை.

பத்திரம் பார்ப்பது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதுவே முதல் வேலை. இங்கே ஆவணங்கள் தெலுங்கில் இருக்கும். நம்முள் பலர் தெலுங்கு பேசுவர், படிக்க அறியார். ஆதலின் படிக்கத் தெரிந்த ஒருவரை உடன்வைத்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லக் கேட்பது நல்லது. வில்லங்கச் சான்று பெற வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்கீழ் அரசு வைத்திருக்கும் தடைப் பட்டியலில் அந்தச் சர்வே எண் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கோயில் நிலமும் மடத்து நிலமும் அரசு ஒப்படை நிலமும் நிறைந்த ஊர் இது. பழைய பத்திரத்தில் 'சித்தூர் மாவட்டம்' என்றும் புதியதில் 'திருப்பதி மாவட்டம்' என்றும் இருப்பது கண்டு மருள வேண்டா; 2022 ஏப்ரல் 4ஆம் நாள் மாவட்டம் பிரிந்தது. மூத்த பத்திரங்களில் 'வடஆர்க்காடு' என்றிருப்பதும் உண்டு. 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. மனையை இங்கே அங்கணக் கணக்கில் சொல்லுவர். ஓர் அங்கணம் ஓரிடத்தில் 36 சதுர அடி, வேறோரிடத்தில் 72 சதுர அடி. எந்த அங்கணம் என்பதைச் சதுர அடியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தைப் பற்றி இவ்வளவு போதும். அதைச் சொல்ல வழக்கறிஞர் இருக்கிறார். சுவரைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நம் இலாகாவையே எடுத்துக்கொள்வோம். திருப்பதிப் பணிமனைக்கு ஒரு பெட்டி பழுதுபார்க்க வந்தால், அடிச்சட்டம் முதல் கூரை வரை பிரித்துப் பார்த்துத் தகுதிச் சான்று எழுதாமல் வெளியே விடுவதில்லை. நிலையத்தில் வண்டி நிற்கும்போது முன்னாளில் ஒருவர் நீண்ட சுத்தியலால் சக்கரத்தைத் தட்டி ஓசையைக் கேட்டுக்கொண்டே போவார். இன்று அச்சின் சூட்டை அளக்கும் கருவியும் வந்துவிட்டது. தம் வண்டியைத் தட்டிப் பார்த்தார்கள் என்று எந்த ஓட்டுநரும் மனம் வருந்தியதில்லை. பிறர் பயணம் செய்யும் பெட்டிக்கு இத்தனை சோதனை செய்கிற நாம், நம் பிள்ளைகள் படுத்துறங்கப் போகும் வீட்டைத் தட்டிப் பார்க்கக் கூசுகிறோம்.

மேல்நாடுகளில் இதற்கென்றே ஒரு தொழில் உண்டு. அமெரிக்காவில் வீடு சோதிப்போர் 1976ஆம் ஆண்டிலேயே தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே விலை பேசி ஒப்பந்தம் ஆனபின், குறித்த சில நாளுக்குள் வாங்குபவர் தம் செலவில் ஒரு சோதனையாளரை அனுப்புவார். அவர் கூரை, கடைக்கால், மின்கம்பி, குழாய் யாவும் பார்த்து அறிக்கை தருவார். குறை கண்டால் விலையைக் குறைக்கலாம், பழுதை நீக்கித் தரச் சொல்லலாம். ஒப்பந்தத்தில் அவ்வாறு எழுதியிருந்தால் விலகியும் கொள்ளலாம். நம் நாட்டில் அவ்வழக்கம் பெருநகரங்களில் இப்போதுதான் தலைகாட்டுகிறது.

வங்கியிலிருந்து ஒரு பொறியாளர் வந்து பார்க்கிறாரே என்று சிலர் கேட்கக்கூடும். அவர் பார்ப்பது வங்கிக்காக. கொடுத்த கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்பதே அவர் கேள்வி. குளியலறைச் சுவருக்குப் பின்னால் குழாய் கசிகிறதா என்பது அவர் வேலை அன்று. வங்கி கடன் கொடுத்துவிட்டது, ஆகவே வீடு நல்லது என்று எண்ணுவது நம்மிடையே பரவலாக உள்ள ஒரு மயக்கம்.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோது, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாது விடுவது மோசடி என்றும் சொல்லுகிறது. ஆனால் எந்தக் குறையை? வாங்குபவர் அறியாததும், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க இயலாததுமான குறையை. இந்தச் சொற்களை ஊன்றிப் படியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற விரிசலை நீங்கள் பாராமல் வாங்கினால் சட்டம் உங்கள் பக்கம் நிற்பது அரிது. 2016ஆம் ஆண்டு வீட்டுமனைச் சட்டம் வந்தபின் புதிய அடுக்ககங்களை வாங்குவோர்க்கு ஒரு பாதுகாப்பு உண்டு. குடிபுகுந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை கண்டு தெரிவித்தால், கட்டியவர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், 8 வீட்டுக்கு மேற்படாத கட்டடத்திற்கும் அச்சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. நம்மவர் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஒரு தனி வீடு, அதிலும் பிறர் குடியிருந்த வீடு. அதற்குக் கண்ணும் காதுமே பாதுகாப்பு.

இனி வீட்டுக்குள் நுழைவோம். அதற்கும் முன் அது நிற்கிற மண்ணைப் பார்க்க வேண்டும்.

2021 நவம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். சுவர்ணமுகி கரை புரண்டது. இராயலசெருவின் கரை கசிந்து, கீழுள்ள ஊர்களை இரவோடிரவாக அப்புறப்படுத்தினார்கள். பாலாற்றங்கரைப் பேர்ணாம்பட்டில் நவம்பர் 19ஆம் நாள் ஒரு வீடு இடிந்து 9 பேர் மாண்டார்கள். அவருள் 4 பேர் குழந்தைகள். அதே மாதத்தில் திருப்பதி ஸ்ரீகிருஷ்ணா நகரில் நடந்தது நாடெங்கும் செய்தியாயிற்று. ஒரு வீட்டில் சிமெண்டு வளையங்களை அடுக்கி நிலத்துள் இறக்கியிருந்த தண்ணீர்த் தொட்டியை அந்த வீட்டு அம்மையார் கழுவிக்கொண்டிருந்தார். திடீரென்று அத்தொட்டி பூமியைப் பிளந்துகொண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக எழும்பி நின்றது. நல்வினைப் பயனாக அவர் உயிர் தப்பினார். பேராசிரியர்கள் வந்து ஆராய்ந்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. சாமி என்றும் பூதம் என்றும் பேச்சு வேறு.

பூதம் ஒன்றும் இல்லை. மழையால் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிட்டது. தொட்டி நிறைந்திருந்தவரை உள்ளிருந்த நீரின் பாரம் அதை அழுத்திப் பிடித்தது. கழுவுவதற்காக வெறுமையாக்கியதும் அது நீரில் விட்ட வெறும் குடம்போல் ஆயிற்று. வெறுங்குடம் மிதக்கும் அல்லவா? ஊறிய மணலில் தொட்டியும் மிதந்து எழுந்தது. இதிலிருந்து கொள்ள வேண்டியவை இரண்டு. அடைமழைக் காலத்தில் நிலத்தடித் தொட்டியை முழுதும் வெறுமையாக்கக் கூடாது. மற்றொன்று, வாங்கப் போகும் மனையில் மழைக்காலத்தில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும். விற்பவர் சொல்லாததை எதிர்வீட்டுப் பாட்டி சொல்லுவார்.

ஊர்ப்பெயரும் சொல்லும். தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி. 'குண்ட' என்றால் குட்டை. 'வாகு' என்றால் ஓடை. 'கால்வ' என்றால் கால்வாய். திருப்பதியில் தாத்தய்யகுண்ட, கொர்லகுண்ட என்று இடப்பெயர்கள் உண்டு. சித்தூரில் கட்டமஞ்சி ஏரி ஊரோடு ஒட்டியிருக்கிறது. நீவா ஆறு நகரை ஊடறுத்துப் போகிறது. இவ்விடங்களில் வீடு வாங்கவே கூடாது என்பதில்லை. தரைமட்டம் தெருவைவிட எவ்வளவு உயரம், 2021இல் நீர் எந்தப் படி வரை வந்தது என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையில் தியாகராய நகர் எழுந்தது 1920களில், நீண்ட ஏரி ஒன்றை வற்றச் செய்த இடத்தில். அந்த ஏரி போய்ப் பல்லாண்டு ஆகியும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று தெருப்பெயர் மட்டும் நிற்கிறது. ஏரி போனாலும் நீர் தன் வழியை மறப்பதில்லை என்பதை 2015 டிசம்பரில் சென்னையில் குடியிருந்தோர் நன்கு அறிவர்.

சுவருக்கு வருவோம். விரிசல் எல்லாம் ஒன்றல்ல. தளமும் செங்கற்சுவரும் சேருமிடத்தில் மயிரிழைபோல் நேர்கோடாக ஓடுவது பல வீட்டிலும் உண்டு. வெயிலில் கான்கிரீட்டும் செங்கல்லும் வெவ்வேறு அளவில் விரிவதால் வருவது. அதற்கு அஞ்ச வேண்டா. சன்னல் மூலையிலிருந்தோ நிலைக்கதவின் மூலையிலிருந்தோ சாய்வாக, படிக்கட்டுபோல் ஏறிப்போகும் விரிசல் கடைக்கால் ஒருபக்கம் அமிழ்ந்ததைக் காட்டும். அது பென்சில் நுழையும் அகலம் இருந்தால் பொறியாளர் பாராமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. தூணிலும் உத்தரத்திலும் கம்பி ஓடும் வழியே நீளவாக்கில் பிளந்து, பழுப்பு நிறக் கறை இறங்கியிருந்தால் அதுவே எல்லாவற்றிலும் கொடியது. உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கொள்ளும். மேலுள்ள சிமெண்டைத் தள்ளி உடைக்கும். மேற்பூச்சு பூசினால் ஆறு மாதம் மறையும், பிறகு மீண்டும் பிளக்கும்.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று மேஸ்திரிகளிடம் உண்டு. விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். சில வாரத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது. உடையாவிட்டால் நகர்வு நின்றிருக்கலாம்; ஒரு மழைக்காலமும் கடந்து உடையாதிருந்தால் நம்பலாம்.

ஒரு நாணயத்தால் சுவர்ப்பூச்சைத் தட்டிப் பாருங்கள். டொக்கென்று பொள்ளல் ஓசை கேட்டால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்துவிட்டது. தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டினால் தரை எப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டுவரும் கொத்தனார் இன்னும் சரியாகச் சொல்லுவார். அலமாரிக்குப் பின்னாலும் படிக்கட்டுக்கு அடியிலும் பாருங்கள். கரையான் இருப்பது அங்கேதான். விற்பனைக்கு முந்தின வாரம் ஒரே ஓர் அறைக்கு மட்டும் புது வர்ணம் அடித்திருந்தால் அந்த அறையில் மற்ற அறைகளைவிட நெடுநேரம் நில்லுங்கள்.

தளத்தைப் பார்க்கச் சிறந்த காலம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் போய்ப் பார்த்த வீட்டைப்பற்றி யாரும் ஏமாற்ற முடியாது. கோடையில் வாங்க நேர்ந்தால், மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்துத் தளத்தில் இரண்டங்குலம் நீர் தேக்கி ஒரு நாள் விட்டுக் கீழே வந்து பார்க்கச் சொல்லுங்கள். மாடிமேல் மாடி எழுப்பிய வீடானால் ஒரு கேள்வியை விட்டுவிடக் கூடாது: கடைக்கால் போட்டபோது எத்தனை மாடிக்குப் போட்டார்கள்? யாத்திரிகர்க்கும் மாணவர்க்கும் வாடகைக்கு விடலாம் என்று ஒரு மாடிக்கான தூண்மேல் மூன்று மாடி ஏற்றும் ஆசை இவ்வூரில் உண்டு. புதிய கட்டடம் என்பதே உறுதிக்குச் சான்றாகாது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ஆம் நாள் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடம் இன்னும் கட்டி முடியாதது.

தண்ணீரைப் பற்றித் தாய்மார்களே கேட்க வேண்டும். ஆண்கள் கேட்டால் 'வருகிறது' என்ற விடையோடு திரும்பிவிடுகிறார்கள். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, பங்குனியிலும் சித்திரையிலும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எந்த ஆண்டில் வற்றியது, பிறகு எத்தனை அடி இறக்கினார்கள் என்று கேளுங்கள். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிறுவனம் வகுத்திருக்கிறது. பேனாபோன்ற ஒரு சிறு கருவி அதைக் காட்டிவிடும். புளூரைடு அக்கருவியில் தெரியாது. அதற்கு ஒரு புட்டி நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டலாகாது. குழந்தைகளின் பல்லையும் முதியோர் எலும்பையும் கெடுப்பது அதுவே.

கழிவுநீர் உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் வேண்டும் என்பது விதி. இரண்டு சென்டு மனையில் அது எங்கே முடியும்? நம் குழியைத் தள்ளி வைத்தாலும் அண்டை வீட்டார் குழி நம் கிணற்றை ஒட்டியிருக்கும். ஆகவே பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ளதா என்று பார்த்து, இல்லையேல் அந்த நீரைக் குடிப்பதற்கில்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். மின்சாரத்தைப் பற்றி நீளப் பேசவில்லை. எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போகிறதா, மின்கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சாதனம் பலகையில் உள்ளதா என்ற இரண்டையும் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவர் அரைமணியில் சொல்லிவிடுவார்.

இத்தனையும் தெரிந்தும் நாம் ஏன் பார்ப்பதில்லை? சோம்பலால் அன்று, கூச்சத்தால். விற்பவர் பெரும்பாலும் நம்மவராகவே இருக்கிறார். வேலூருக்கோ அரக்கோணத்துக்கோ மகனோடு போய்த் தங்க முடிவு செய்த ஒருவர் தம் வீட்டை நம் காலனி அன்பருக்கே கொடுக்க விரும்புகிறார். "அண்ணன் வீட்டைத் தட்டிப் பார்ப்பதா?" என்று வாங்குபவர் எண்ணுகிறார். நம்மிடையே ஒரு குடும்பம் இவ்வாறு வாங்கிற்று. முதல் மழையில் படுக்கையறைத் தளம் சொட்டியது. பழுதுக்கான செலவு பெரிதுதான். அதைவிடப் பெரிதாக, பதினெட்டு ஆண்டு ஒரே தெருவில் இருந்த இரு குடும்பம் இன்று கல்யாண வீட்டில் வெவ்வேறு பந்தியில் உட்காருகின்றன. விற்றவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று நமக்குத் தோன்றவில்லை. அந்த அறையை அவர்கள் சாமான் அறையாக வைத்திருந்தார்கள். மேலே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கொத்தனார் ஒருநாள் வந்து பார்த்திருந்தால் பழுதின் மதிப்பை விலையில் கழித்துக்கொண்டு இரு வீட்டாரும் இன்னும் ஒன்றாக உண்டிருப்பார்கள்.

ஆகையால் விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாங்குபவர் வாய்திறக்கும் முன் நீங்களே "ஆள் அழைத்துவந்து பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். எந்த ஆண்டு எந்தப் பழுது பார்த்தோம், கிணறு எப்போது வற்றியது, எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வீட்டு வரைபடத்தையும் அனுமதிக் கடிதத்தையும், மேஸ்திரியின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். இதனால் விலை குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. சிறிது குறையலாம். ஆனால் பிறகு வழக்கென்று வந்தால் 55ஆம் பிரிவின்முன் அந்தத் தாள்தான் உங்களைக் காக்கும். வாங்குபவர் அதன் படியொன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒப்பமிட்டுத் தருவது முறை.

பார்க்க வருகிற கொத்தனாருக்கோ பொறியாளருக்கோ கூலியை வாங்குபவரே கொடுக்க வேண்டும். விற்பவரோ தரகரோ அழைத்துவரும் ஆள் வேண்டா. இலவசமாகப் பார்க்கிறேன் என்று வருபவரும் வேண்டா. பழுதுவேலையைத் தமக்கே பிடித்துக்கொள்ள வருபவராக இருக்கக்கூடும். ஒருநாள் கூலிக்கு மேல் சற்றுச் சேர்த்துக் கொடுத்து, கண்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். இங்குள்ள மேஸ்திரிகள் தெலுங்கில் எழுதுவார்கள். நம் சங்கத்தில் தெலுங்கு நன்கு படிக்கும் இருவர், ஞாயிறு காலைகளில் நூலக அறையில் அமர்ந்து அத்தகைய தாள்களையும் பத்திரங்களையும் படித்துச் சொல்ல இசைந்திருக்கிறார்கள். வருகிறவர்கள் மூலப் பத்திரத்தைக் கொண்டுவர வேண்டா, நகல் போதும்.